நாலு நாள் கூட்டத்தில் என் குயில்ட் நகரவில்லை
ஊசி நூல்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, குயில்டிங் ரிட்ரீட் பற்றியே இருந்தன. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: குயில்ட் என்பது துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்த போர்வை. ரிட்ரீட் என்பது தையல் மெஷினையும் துணிமூட்டையையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு விடுதிக்குப் போய், இருபது முப்பது பேர் ஒரே கூடத்தில் மூன்று நான்கு நாள் உட்கார்ந்து குயில்ட் தைத்துவிட்டு வருவது. அமெரிக்காவில் இது வெகு சகஜம். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். அது என்னையும் பல வருடம் அலைக்கழித்த கேள்வி.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 46 வயது. ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கத்தில் இருக்கிறோம். ஆறு வருடமாகக் குயில்ட் தைக்கிறேன். எங்கள் ஊர் கில்டில், அதாவது குயில்ட் தைப்பவர்கள் சங்கத்தில், போன அக்டோபரில் வியாழன் முதல் ஞாயிறு வரை ஒரு ரிட்ரீட் போட்டார்கள். 24 பேர். எல்லோரும் நல்லவர்கள், ஒருவர் மேலும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எனக்கு ஒரு சதுரம்கூட ஒழுங்காக வரவில்லை. எந்தத் துணியை எடுத்தாலும் சரியில்லை என்று தோன்றியது. அன்று ராத்திரி காருக்குள் போய் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமையே ஏதோ காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். இந்த வருடமும் கூப்பிடுகிறார்கள். என் கணவர், “நாலு பேரோட பழகினாத்தானே பழகும், போயிட்டு வா” என்கிறார். கூட உட்கார்ந்து தைக்க முடியாத நான் குயில்டர்தானா அக்கா? என்னிடம் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. காருக்குள் போய் உட்கார்ந்ததற்காக வெட்கப்பட வேண்டியதும் இல்லை. மிச்சிகனில் நான் போன இரண்டாவது ரிட்ரீட்டில், துணி துவைக்கும் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க அங்கேயே இருந்தேன். டிரையர் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாளுக்கு அப்புறம் அங்கேதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

கூச்ச சுபாவமா, கலகல சுபாவமா என்று இதை வைத்துப் பார்க்காதீர்கள். நான் கூச்சக்காரி இல்லை. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கச் சொன்னால் நான்தான் முதல் ஆள். ஆனாலும் ரிட்ரீட்டில் எனக்குக் கை ஓடவில்லை. ஏன் என்று புரிய ஐந்தாறு வருடம் ஆயிற்று.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் அரக்குச் சுங்கடிப் புடவை ஒன்று என்னிடம் இருந்தது. நைந்துபோன இடங்களை விட்டுவிட்டு, நன்றாக இருந்த இடத்தில் இரண்டரை அங்குலச் சதுரங்களாக 36 வெட்டினேன். ஒவ்வொரு சதுரத்தையும் நடுவில் வைத்து, ஒரு பக்கம் வெளிர் நிறப் பட்டைகள், எதிர்ப்பக்கம் அடர் நிறப் பட்டைகள் என்று சுற்றிச் சுற்றித் தைத்துக் கொண்டுபோனேன். இப்படி முடிகிற ஒவ்வொரு பெரிய சதுரமும் ஒரு பிளாக். இந்த மாதிரிக்கு லாக் கேபின், அதாவது மரக்கட்டை வீடு, என்று பெயர். அதில் நடுச்சதுரத்தைச் சிவப்பில் வைப்பது பழைய வழக்கம், வீட்டின் அடுப்பு நெருப்பு என்று சொல்வார்கள். அம்மாவின் அரக்கு அங்கே வந்து உட்கார்ந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

லாக் கேபினில் பிளாக் தைத்து முடித்தாலும் குயில்ட் பாதிகூட முடிந்ததாகாது. பிளாக் பாதி வெளிச்சம், பாதி நிழல். ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே 36 பிளாக்கை ஒருவிதமாகத் திருப்பினால் உழவுசால் மாதிரி சாய்ந்த கோடுகள் வரும். வேறுவிதமாகத் திருப்பினால் நடுவிலிருந்து விரிந்துகொண்டே போகிற வைரங்கள் வரும். எனக்கு உழவுசால்தான் வேண்டும் என்று மனதுக்குள் தெரியும். அம்மா பிறந்த வீட்டுக்குப் பின்னால் வயல்.

அந்த பிளாக்குகளோடு ஒரு ரிட்ரீட்டுக்குப் போனேன். அங்கே கூடத்துச் சுவரில் ஃபிளானல் துணி கட்டியிருப்பார்கள், டிசைன் வால். பிளாக்கை அதில் ஒட்ட வைத்துத் தள்ளி நின்று பார்க்கலாம். நான் 36ஐயும் சாலாக வைத்துவிட்டு நின்றேன். காபி எடுக்கப் போகிறவர் நின்று பார்த்தார், “ரொம்ப அழகு, இந்த மூலையை மட்டும் திருப்பிப் பாரேன்” என்றார். திருப்பினேன். அடுத்தவர் வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான்கு பேர் அன்பாகச் சொன்ன நான்கு யோசனையும் சுவரில் ஏறி, சால் போய் வைரம் வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சூட்டோடு வரிசை வரிசையாகத் தைத்தும் விட்டேன்.

வீட்டுக்கு வந்து சோபா மேல் விரித்துப் பார்த்தால் அது என் குயில்ட் இல்லை. குறை ஒன்றும் சொல்ல முடியாத குயில்ட்தான், ஆனால் என்னுடையது இல்லை. இரண்டு வாரம் தினமும் ராத்திரி உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். அம்மாவின் புடவை ஏற்கெனவே இளைத்த துணி. பிரிக்கும்போது மூன்று சதுரம் கிழிந்தே போயிற்று. அந்த மூன்றும் இன்னும் என் ஊசிப் பெட்டியில் இருக்கின்றன.

அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யோசனை சொல்வதும் அங்கே ஒரு பிரியம்தான். நான் எந்த வேலையை அங்கே தூக்கிக்கொண்டு போனேன் என்பதில்தான் தப்பு.

இது எனக்குத் தெளிவானது ஜீஸ் பெண்ட் பெண்களைப் பற்றிப் படித்தபோது. அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் இருக்கிற ஒரு சின்ன ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார், கறுப்பினப் பெண்கள். பழைய வேலைச்சட்டை, கால்சட்டைத் துணிகளையெல்லாம் சேர்த்து அவர்கள் தைத்த குயில்ட்கள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் ஏறின. 2006இல் அமெரிக்கத் தபால்துறை அவற்றைத் தபால்தலையாகவே போட்டது. அவர்கள் வழக்கத்தைக் கவனியுங்கள். மேல்துணியை, அதாவது எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்கிற வேலையை, ஒவ்வொருத்தியும் அவரவர் வீட்டில் தனியாகச் செய்வார்கள். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கையால் கோத்துத் தைக்கும்போதுதான் சேர்ந்து உட்காருவார்கள். அந்த வட்டாரத்தில் 1966இல் ஃப்ரீடம் குயில்டிங் பீ (பீ என்றால் கூடி உட்கார்ந்து வேலை செய்வது) என்று ஒரு கூட்டுறவு தொடங்கி, பெரிய கடைகளுக்கு ஆர்டர் எடுத்துத் தைத்தார்கள். அங்கே அளவும் மாதிரியும் ஆர்டரில் கேட்டபடி இருந்தாக வேண்டும். மனதில் பட்டபடி தைப்பது வீட்டில்.

அமெரிக்கக் கிராமங்களில் பழைய காலத்துக் குயில்டிங் பீயும் அப்படித்தான். குளிர்காலம் பூரா வீட்டில் உட்கார்ந்து மேல்துணி தைத்து வைத்திருப்பார்கள். அதைச் சட்டத்தில் பூட்டியபிறகே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, சுற்றி உட்கார்ந்து கோத்து முடிப்பார்கள்.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒன்று கோலம், இன்னொன்று வடாம். விடியற்காலையில் வாசல் தெளித்துப் புள்ளி வைக்கிறவளுக்குப் பக்கத்தில் நின்று “இந்த இழையை அந்தப் பக்கம் வளை” என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் கணக்கு தப்பிவிடும். மார்கழியில் பெரிய கோலம் போட்டால்கூட புள்ளியும் இழையும் ஒருத்தி கை, வண்ணம் நிரப்பத்தான் நாலு பேர். வடாம் பிழிவது வேறு. கூழ் ஆறுவதற்குள், வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடி முழுக்கப் பிழிந்தாக வேண்டும். அதற்குத் தெருவே வரலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

இப்போதைய ரிட்ரீட்டில் பெரும்பாலோர் கோல வேலையை வடாம் மாடிக்குக் கொண்டுவருகிறார்கள். சிலருக்கு அது ஒத்துவருகிறது. நாலு பேர் குரலுக்கு நடுவிலும் தன் நிறம் எது என்று தெளிவாக இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் அப்படி வராது. “எந்தத் துணியை எடுத்தாலும் சரியில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே எனக்கு விஷயம் பிடிபட்டது. உங்களுக்குக் கை தடுமாறவில்லை, தேர்வுதான் தடுமாறியது. நிறம் தேர்ந்தெடுக்க உங்களுக்கு அமைதி வேண்டும்.

தனிமரம் தோப்பாகாது என்று வீட்டில் சொல்லக்கூடும். மேல்துணி தைக்கத் தோப்பு தேவையில்லை என்று சொல்லுங்கள்.

அதற்காக ரிட்ரீட்டையே விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கே கிடைக்கிற ஒன்று வீட்டில் கிடைக்கவே கிடைக்காது. மூன்று அடுக்கையும் சேர்த்துப் பின் குத்துகிற வேலையைச் சொல்கிறேன், பேஸ்டிங். வீட்டில் பெரிய கட்டில் அளவு குயில்ட்டைத் தரையில் விரித்து, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து பின் குத்தியிருப்பீர்கள். மறுநாள் இடுப்பு என்ன பாடு படும் என்று தெரியும். ரிட்ரீட்டில் ஆறடி மேசை நான்கை ஒட்டிப் போட்டு, கால்களுக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து உயர்த்துவார்கள். அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்ட வேண்டும். அதன்மேல் பஞ்சுப் படலத்தை உள்ளங்கையால் தடவித் தடவிப் பரப்பி, மேலே உங்கள் மேல்துணி. நடுவில் தொடங்கி வெளியே போகிற மாதிரி, ஒரு முஷ்டி அளவு இடைவெளிக்கு ஒரு வளைந்த ஊக்கு. பெரிய குயில்ட்டுக்கு நான் 500 ஊக்கு வரை குத்துவேன். தனியாக என்றால் ஒரு பகல் போய்விடும். போன வருடம் நான்கு பேர் மேசைக்கு நாலு பக்கமும் நின்று, ஒருவர் மகள் கல்யாணக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு சுருக்கம் இல்லை. என் கையை நானே பார்க்கவில்லை, கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே நாலு பேர் சொல்லும் யோசனையால் எதுவும் கெடாது, எல்லாம் ஏற்கெனவே முடிவான வேலை.

ஆகவே இந்தத் தடவை மேல்துணியை வீட்டில் முடித்துக்கொண்டு போங்கள். பேஸ்டிங் அங்கே. அப்புறம் ஏற்கெனவே குயில்ட் ஆன ஒன்று இருந்தால் ஓரப்பட்டையைக் கையால் மடித்துத் தைக்க எடுத்துப் போங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்த வேலைக்கு ஈடு இல்லை. மெஷின் வேலைதான் வேண்டும் என்றால், வீட்டிலேயே வெட்டிப் பை பையாகப் போட்டு எண் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டிரண்டு துண்டாக, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி, நூல் அறுக்காமல் தோரணம் மாதிரி ஓட்டிக்கொண்டே போகலாம், யோசிக்க ஒன்றும் இருக்காது. வளைவுத் தையல் வேண்டாம். நிறம் தேர்வு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் மூன்று நாளில் மூன்று மேல்துணி முடித்திருப்பார். நமக்கு ஆறு பிளாக். சத்தத்தைவிட இதுதான் பலரை வாட்டுகிறது. அவர் ஆறு மாதமாக வெட்டி அடுக்கிக்கொண்டு வந்திருப்பார், அது நமக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் முடித்ததை விரித்துக் காட்டும்போது, பேஸ்டிங் முடிந்த ஒரே ஒரு குயில்ட்டைக் காட்டினால் போதும். எழுந்து நிற்கப் பிடிக்கவில்லை என்றால் காட்டவே வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான்கு நாளும் இருந்தாக வேண்டும் என்று சட்டமும் இல்லை. முன்கூட்டியே, “வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன், சனிக்கிழமை மத்தியானம் கிளம்புவேன்” என்று சொல்லிவிடுங்கள். பாதியில் காரணம் சொல்லிக் கிளம்புவதுதான் மனதை அரிக்கும். முதலிலேயே சொன்னால் அது ஏற்பாடு. உங்கள் காரிலேயே போங்கள், சுவரோர மேசையைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் தனி அறை. உங்கள் கணவரிடம், பழக வேண்டியவர்களோடு வடாம் மாடியில் பழகிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ஜீஸ் பெண்ட் பெண்கள் மேல்துணியைத் தனியாகத்தான் தைத்தார்கள். அவர்கள் குயில்டர்கள் என்றால் நீங்களும் குயில்டர்தான்.

கேள்வி: அக்கா, டெக்சாஸில் டல்லாஸ் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மா ஆறு மாத விசாவில் தேனியிலிருந்து வந்திருக்கிறார். பழைய புடவைகளை அடுக்கிக் கையாலேயே போர்வை தைப்பார், சின்ன வயதில் நாங்கள் அதில்தான் தூங்கினோம். இங்கே பகலெல்லாம் தனியாக இருக்கிறார். ஆங்கிலம் சுத்தமாக வராது. என்னோடு ரிட்ரீட்டுக்குக் கூட்டிப் போகலாமா? போரடித்துவிடுமோ, சங்கடப்படுவாரோ என்று யோசனையாக இருக்கிறது.

பதில்: முதலில் அம்மாவைக் கேளுங்கள் அம்மா. “உங்களை ஓரிடத்துக்குக் கூட்டிப் போகிறேன்” என்று சொல்லி நேராகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். என்ன இடம், எத்தனை பேர், ராத்திரி அங்கேயே தங்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, வருகிறாரா என்று கேளுங்கள். பெற்ற பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று நம் அம்மாக்கள் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். அதனால் தங்குகிற ரிட்ரீட்டுக்கு முன்னால் ஒரு பகல் மட்டும் நடக்கிற இடத்துக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள். மார்ச் மாதம் மூன்றாவது சனிக்கிழமை அமெரிக்காவில் தேசியக் குயில்டிங் தினம். அதையொட்டிப் பல ஊர்களில் நூலகத்திலோ கில்டிலோ பகல்நேரத்தில் கூடித் தைப்பார்கள். அன்று அம்மா முகத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மொழி பெரிய தடையாக இருக்காது. மெஷின்கள் வரிசையில் உட்கார வைக்காதீர்கள், அங்கே சத்தம்தான் மிஞ்சும். கைத்தையல்காரர்கள் ஒரு மூலையில் சோபாவில் வட்டமாக இருப்பார்கள், அங்கே உட்கார வையுங்கள். ஊசியில் நூல் கோக்கிற விதம், முடிச்சு போடுகிற விதம், இதையெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்தே கேட்டுக்கொள்ளலாம். எங்கள் கில்டுக்கு ஒருமுறை ஒரு தெலுங்குப் பாட்டி வந்தார். விரலில் எச்சில் தொட்டு, நூலை ஒரு சுற்று சுற்றி, கட்டைவிரலால் உருட்டி முடிச்சு போட்டார். எதிரே இருந்த எழுபது வயது அமெரிக்கப் பெண்மணி தன் கையைத் தூக்கி அதே முடிச்சைப் போட்டுக் காட்டினார். அவருக்கு அவர் பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். அப்புறம் மத்தியானம் வரை இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து தைத்தார்கள்.

நீங்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்காதீர்கள். தேவைப்படும்போது மட்டும் செய்யுங்கள். அம்மாவின் போர்வை ஒன்று கையில் இருந்தால் எடுத்துப் போங்கள், பார்க்கக் கூடிவிடுவார்கள். நம் பக்கத்து ஊரிலேயே இதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு என்பதையும் சொல்லலாம். கர்நாடகத்தில் எல்லாபுரம், ஹளியால் பக்கம் இருக்கிற சித்தி இனப் பெண்கள் பழந்துணியில் கவந்தி என்று குயில்ட் தைக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். ஓரத்தில் தொடங்கி உள்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ மாதிரி வைக்க வேண்டும், பூ வைக்காத கவந்தியை அம்மணமாக இருக்கிறது என்பார்கள். அம்மா எங்கே தொடங்குகிறார், ஓரத்திலா நடுவிலா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு எழுதி வையுங்கள்.

“போதும், வீட்டுக்குப் போகலாம்” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள். உங்கள் பிளாக் பாதியில் இருந்தாலும் சரி.

கேள்வி: எனக்குப் பேசினால்தான் கை ஓடும். பையன் காலேஜ் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு ரிட்ரீட்டும்தான் எனக்கு உயிர். போன தடவை எதிர் மேசைப் பெண் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டார். ரொம்ப அவமானமாகப் போய்விட்டது. இனிமேல் போகாமல் இருந்துவிடலாமா? (நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: போகாமல் இருக்காதீர்கள். உங்களுக்கு அது தேவை. தேவை என்பதை இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு மனது நெகிழ்ந்துவிட்டது.

அந்த ஹெட்ஃபோன் உங்களுக்கான பதில் இல்லை. அவர் என்ன தைத்துக்கொண்டிருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். நட்சத்திர முனைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாலோ, துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாலோ, ஒரு வார்த்தை காதில் விழுந்தாலும் எண்ணிக்கை போய்விடும். முதல் கடிதம் எழுதிய கொலம்பஸ் சகோதரி மாதிரி ஒருவராக இருக்கலாம். அவர் வீட்டுக்கு ஓடாமல் கூடத்திலேயே இருந்ததற்கு அந்த ஹெட்ஃபோன்தான் காரணமாக இருக்கும். மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் நிமிரும்போது பேசுங்கள், குனிந்திருக்கும்போது விட்டுவிடுங்கள். அடுத்தவர் டிசைன் வாலுக்கு முன்னால் நிற்கும்போது, “அழகா இருக்கு” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவராக “எப்படி இருக்கு, சொல்லேன்” என்று கேட்டால் மட்டும் மீதி. நாலு பேர் யோசனையால் எனக்கு என்ன ஆயிற்று என்று மேலே படித்திருப்பீர்கள்.

பேஸ்டிங் மேசைக்கு ஆள் வேண்டும் என்று யாராவது குரல் கொடுத்தால் முதலில் நீங்கள் போய் நில்லுங்கள். அங்கே உங்கள் பேச்சு பெரிய உபகாரம். என் 500 ஊக்கும் ஒருவர் சொன்ன கல்யாணக் கதையில்தான் குத்தி முடிந்தன.

வருடத்துக்கு இரண்டு தடவை என்பது உங்களுக்குப் போதாது என்றும் தோன்றுகிறது. உங்கள் பக்கத்துச் சர்ச்சுகளில் விசாரியுங்கள். பல சர்ச்சுகளில் வாரத்தில் ஒரு காலை, பெண்கள் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து தர்மத்துக்காகக் குயில்ட் தைப்பார்கள். நாம் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. நான் மிச்சிகனில் ஒன்பது வருடம் வியாழக்கிழமைகளில் அப்படி ஒரு சட்டத்தில் உட்கார்ந்தேன். எட்டு பேர், ஒரே குயில்ட், எல்லோர் முகமும் எதிரெதிரே. அங்கே யாருக்கும் ஹெட்ஃபோன் மாட்டத் தோன்றியதில்லை.

கேள்வி: முதல்முறை போகிறேன். சைவம். மெஷின், அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் எல்லாம் எடுத்துப் போகலாமா? (மிச்சிகனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மெஷின் அவசியம் எடுத்துப் போங்கள், அதுவும் கனம் குறைந்ததாக. நான் பழைய சிங்கர் ஃபெதர்வெயிட் 221 எடுத்துப் போகிறேன். 11 பவுண்டுதான், ஒரு கையில் தூக்கலாம். நேர்த்தையல் மட்டும்தான் போடும், ரிட்ரீட்டுக்கு அது போதும்.

அயர்ன் பாக்ஸ் வேண்டாம், பொதுவாக ஒன்றிரண்டு வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் சாதாரண பிளக் லைன் 15 ஆம்பியர், 120 வோல்ட். பெருக்கினால் 1800 வாட். ஒரு அயர்ன் பாக்ஸே 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரே லைனில் இரண்டாவதைச் செருகினால் பிரேக்கர் விழும், அந்த வரிசையில் இருக்கிற எல்லா மெஷினும் தையல் நடுவில் நின்றுபோகும். ரைஸ் குக்கரும் அதே கணக்குத்தான். எடுத்துப் போங்கள், ஆனால் தையல் கூடத்தில் செருகாதீர்கள், சமையலறையில் இடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதுங்கள். வெஜிடேரியன் என்று மட்டும் எழுதினால் சிக்கன் ஸ்டாக் ஊற்றிய சூப் வந்துவிடும். சூப்பிலும் இறைச்சிச் சாறு கூடாது, மீனும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள். பருப்புப் பொடியும் தயிரும் இருந்தால் நான்கு நாள் ஓடிவிடும். ஊறுகாய் பாட்டிலைத் துணிப்பையில் வைக்காதீர்கள், தனி டப்பாவில் போட்டு காரின் முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மாவடு எண்ணெய் பஞ்சில் இறங்கினால் போகாது.